பல்லி முட்டையும் பழைய கொம்பியூட்டரும்

அன்பின் மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம். முதலிலை ஒண்டு சொல்லிப்போடுறன், புது லப்டொப் வாங்கவெண்டு காசு அனுப்பாதை. நீ கம்பசிலை படிக்கேக்கை வாங்கின கொம்பியூட்டர் திரும்ப உயிர்த்திட்டுது. இந்தக் கடிதமும் அதிலைதான் ஒவ்வொரு எழுத்தாய்த் தேடி அடிக்கிறன்.

போன கிழமை நல்ல இடி மழை. விடியப் பாத்தால் பெட்டி அசுமாத்தமே இல்லை. "எரிஞ்சு போச்சு, விடும்" எண்டிட்டு அப்பா பேப்பரை விரிச்சிட்டார். 90களிலை சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட மனிசன் கதைக்கிற கதையே இது? நான் விடேல்லை. அதே எக்ஸ்டென்சனிலை மேசை லாம்பைக் குத்தினன். அதுவும் பத்தேல்லை. எக்ஸ்டென்சன்ரை சதுரப்பின் பிளக்குக்குள்ளை இருந்த 13 அம்பியர் பியூஸ் போயிட்டுது. ஒழுங்கை முகப்புக் கடையிலை புதுசு வாங்கிப் போட்டன்.

பிறகு விசிறி சுத்திச்சுது, ஆனால் திரை கறுப்பு. மொனிட்டரிலை செம்மஞ்சள் லைற் எரிஞ்சபடியால் அதுக்குக் கரண்ட் வருது, படம்தான் வரேல்லை எண்டு விளங்கிச்சு. பெட்டியும் விட்டு விட்டுப் பீப், பீப் எண்டு கத்திச்சுது. அனேகமாய் ராமிலைதான், அதுதான் கொம்பியூட்டரின்ரை தற்காலிக ஞாபகத் தகட்டிலைதான், பிழை எண்டு சித்தப்பான்ரை பெடியன் போனிலை சொன்னான்.

வயரைக் கழட்டி, மிச்சக் கரண்டும் இறங்கட்டுமெண்டு பவர் பட்டனைக் கொஞ்சம் அமத்திப் பிடிச்சிட்டு, பக்கத் தகட்டைத் திறந்தன். அப்பா ரோச் லைற் பிடிச்சவர். மூலையிலை தூசிக்கை வெள்ளை வெளேரெண்டு ரெண்டு பல்லி முட்டை! அவர் அதுகளை மெல்லமாய் எடுத்துச் சிரட்டையிலை வைச்சு, அலுமாரிக்குப் பின்னாலை விட்டிருக்கிறார். கொம்பியூட்டரை விட இப்ப அதிலைதான் கவனம்.

கையாலை முதல் இரும்புத் தகட்டைத் தொட்டிட்டு, ரெண்டு கரைக் கிளிப்பையும் விலத்தி ராமைக் கழட்டினன். தங்க நிறப் பல்லெல்லாம் மங்கிக் கிடந்துது. மாரி ஈரமும் உப்புக் காத்தும் சும்மா விடுமே? உன்ரை பழைய பென்சில் பெட்டியிலை கிடந்த அழிறப்பராலை மெல்லமாய்த் தேய்ச்சு, தூளை ஊதிப்போட்டு, கிளிப் "டக்" எண்டு விழுமட்டும் அமத்தினன். படம் வந்திட்டுது.

திகதி மட்டும் 2010 எண்டு காட்டிச்சு. அது உள்ளுக்கை போர்டிலை திகதியைக் காக்கிற வட்டப் பற்றரி, சீஆர் 2032, செத்துப்போனதாலை. மணிக்கூட்டுக் கடையிலை புதுசு எடுத்து மாத்தினன். பவர் சப்ளைப் பெட்டியிலை மட்டும் கை வைக்கேல்லை, பயப்பிடாதை. பிளக்கைக் கழட்டினாலும் அதுக்குள்ளை கரண்ட் நிக்கும்.

உன்ரை படங்கள் எல்லாம் அப்பிடியே இருக்கு. ஒரு பென் டிரைவிலை ஏத்தியிருக்கிறன். தையிலை சித்தி வரேக்கை மிளகாய்த்தூள் பாசலுக்கை வைச்சு விடுறன். தூளைக் கொட்டேக்கை பாத்துக் கொட்டு.

அன்புடன்,
அம்மா