காணாமற்போன மூன்று பேர்

அன்புள்ள செந்திலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் ஜாவாவில் நிரல் எழுதிவிட்டு ஸ்காலா மொழிக்கு மாறியிருக்கிறாய் என்பதில் மகிழ்ச்சி. பட்டியலுக்குள் பட்டியல் வரும்போது மேப் எழுதுவதா, ஃப்ளாட்மேப் எழுதுவதா என்று கை தயங்குகிறது என்று எழுதியிருந்தாய். மேப் ஒவ்வொன்றையும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றித் தரும்; ஃப்ளாட்மேப் அப்படி மாற்றி வரும் உள்பட்டியல்களைக் கரைத்து ஒரே பட்டியலாக்கிவிடும். அதைப் படித்ததும் சென்ற ஆண்டு நான் செய்த தவறு நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு வாடிக்கையாளரும் எவ்வளவு தொகைக்கு வாங்கினார் என்று ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளருக்குள் ஆர்டர்கள், ஆர்டருக்குள் பொருள்கள் என மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் வடிவில் மூன்றே வரியில் எழுதி, வந்த வரிசையைப் பெயர்வாரியாகத் தொகுத்துக் கூட்டினேன். நிரலை இயந்திரத்துக்காக மொழிபெயர்க்கும் கம்பைலர் அந்த ஃபாரை இரண்டு ஃப்ளாட்மேப்பாகவும் கடைசியில் ஒரு மேப்பாகவும் விரித்துக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். படிக்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சோதனைத் தரவில் 40 பேர் இருக்க, அறிக்கையில் 37 பேரே வந்தார்கள்.

விடுபட்ட மூவரும் எதுவுமே வாங்காதவர்கள். உள்ளே இருப்பது வெற்றுப் பட்டியல் என்றால், ஃப்ளாட்மேப் அதைக் கரைக்கும்போது மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதை வைத்திருந்தவரின் பெயரும் கூடவே போய்விடுகிறது. தரவு வகைகள் எல்லாம் பொருந்துவதால் கம்பைலரும் வாய் திறக்காது. தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில், இணை இல்லாதவரையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் வேண்டிய இடத்தில், அவரை விட்டுவிடும் இன்னர் ஜாயின் எழுதியதற்கு ஒப்பான பிழை இது.

திருத்தம் எளிதாக இருந்தது. வெளி அடுக்கில் மேப்பை வைத்தேன். ஆகவே 40 பேர் உள்ளே போனால் 40 பேரும் வெளியே வருவார்கள். ஒவ்வொருவருக்குள்ளும் ஆர்டர்களை ஃப்ளாட்மேப்பால் கரைத்து, விலைகளைக் கூட்டினேன். எந்தப் பொருள் எந்த ஆர்டரில் இருந்தது என்பது கூட்டுத்தொகைக்குத் தேவையில்லை, அதனால் ஆர்டர்களுக்கு இடையிலான அந்தச் சுவரை இடிப்பதில் நட்டமில்லை. வெற்றுப் பட்டியலின் கூட்டுத்தொகை பூச்சியம் என்பதால் அந்த மூவரும் பூச்சியத்தோடு வந்து சேர்ந்தார்கள். இப்போதெல்லாம் எந்தச் சுவர் விடைக்கு வேண்டும், எது வேண்டாம் என்று முதலில் தாளில் குறித்துக்கொண்ட பிறகே நிரலில் கை வைக்கிறேன்.

ஒரே பெயர் எல்லா மொழியிலும் ஒரே வேலையைச் செய்யும் என்றும் நம்பிவிடாதே. உள்பட்டியல்களைக் கரைக்கும் ஸ்காலாவின் ஃப்ளாட்டன் ஓர் அடுக்கை மட்டுமே நீக்கும். 2019இல் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் சேர்ந்த ஃப்ளாட்டும், ஆழத்தை நாம் சொல்லாதவரை, அப்படியே. குளோஜர் மொழியின் ஃப்ளாட்டனோ அடிவரை தோண்டிவிடும். இரண்டிரண்டு எண்களாக வைத்த ஆயத்தொலைவுகளைக்கூடப் பிரித்து ஒரே வரிசையாக்கிவிடும் என்பதால் நான் அதன் பக்கமே போவதில்லை.

ஆழத்தில் கிடக்கும் ஒரு விலையை மாற்ற காப்பிக்குள் காப்பி எழுதி அலுத்துவிட்டது என்றாயே, அதற்கு ஸ்காலாவின் மோனக்கிள் நூலகத்தில் உள்ள, ஆழத்தில் இருக்கும் மதிப்பை நேரே எட்டி மாற்ற உதவும் லென்ஸ்களைப் பார். இரண்டடுக்குக்கு அது தேவையில்லை. மூன்றைத் தாண்டினால் கற்ற உழைப்பு வீண்போகாது.

துறைவாரியாக ஊழியர்களின் விடுப்பைக் கணக்கிடும் நிரல் எழுதுவதாகச் சொல்லியிருந்தாய். விடுப்பே எடுக்காத ஒருவரைச் சோதனைத் தரவில் சேர்த்து ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
குமரன்