அதிர்வெண் கூடினால் வேகம் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு அறிவியல் பக்கத்தில் 'அதிர்வெண் கூடக் கூட அலை வேகமாகப் போகும்' என்று அச்சாகியிருந்தது. வானொலிப் பெட்டி பழுது பார்த்தே வயதானவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

வெற்றிடத்தில் வானொலி அலை, மைக்ரோவேவ், ஒளி என எல்லா மின்காந்த அலைகளுக்கும் ஒரே வேகம்தான்: நொடிக்கு 29,97,92,458 மீட்டர். அதிர்வெண்ணை (நொடிக்கு எத்தனை அலை என்பதை) அலைநீளத்தால் (ஓர் அலையின் நீளத்தால்) பெருக்கினால் இந்த எண்தான் வரும். ஒன்று கூடினால் மற்றது குறைந்தே ஆகவேண்டும். ஆன்டெனா வெட்டும்போது நாங்கள் போடும் கணக்கு இன்னும் சுலபம். 300-ஐ மெகாஹெர்ட்ஸில் (நொடிக்குப் பத்து லட்சம் அலை) சொன்ன அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலைக்கு 3 மீட்டர். அதற்கான இருமுனை ஆன்டெனா அதில் பாதி, சுமார் ஒன்றரை மீட்டர். மைக்ரோவேவ் அடுப்பின் 2,450 மெகாஹெர்ட்ஸுக்கு 12 சென்டிமீட்டர் சொச்சம். கதவிலுள்ள உலோகச் சல்லடையின் துளைகள் அதைவிட மிகச் சிறியவை, ஆகவே அந்த அலை வெளியே வருவதில்லை. பச்சை ஒளியின் அலைநீளமோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அது தாராளமாக வந்துவிடுகிறது. உள்ளே சுழலும் தட்டு நமக்குத் தெரிகிறது.

சரி, கண்ணாடிக்குள்? அங்கே வேகம் குறையும். ஆனால் அதிர்வெண் மாறாது, அலைநீளம்தான் சுருங்கும். அதிலும் அதிர்வெண் அதிகமுள்ள ஊதா, சிவப்பைவிட மெதுவாகத்தான் போகிறது. கட்டுரைக்கு நேர் எதிர்!

அதிர்வெண்ணோடு கூடுவது ஒளித்துகளின் ஆற்றல். அதைத்தான் வேகம் என்று எழுதிவிட்டார்களோ என்னவோ. ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கும் பிள்ளைகள் உண்டு.

இப்படிக்கு,
பழைய வானொலி மெக்கானிக் ஒருவர்