மாணவர் பேரவையை மாணவர்களே நடத்தட்டும்: முதல் பருவ நிறைவுக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். முதல் பருவம் இந்த வாரத்தோடு நிறைவடைகிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, மாதிரி ஐ.நா. மாநாடு, இசை நிகழ்ச்சி ஆகிய அனைத்தும் நல்லபடியாக நடந்தேறின. ஐ.ஜி.சி.எஸ்.இ. என்னும் பன்னாட்டுத் தேர்வை எழுதவிருக்கும் பத்தாம் வகுப்பினரும், வரும் மே மாதம் இன்டர்நேஷனல் பக்கலாரியட் (ஐ.பி.) என்னும் பன்னாட்டுப் பாடத்திட்டத்தின் டிப்ளமோ தேர்வைச் சந்திக்கவிருக்கும் பன்னிரண்டாம் வகுப்பினரும் ஊக்கத்துடன் படித்துவருகிறார்கள். சென்னையில் மழைக்காக விடுமுறை விட்ட நாட்களில் இணையவழி வகுப்புகள் தடையின்றி நடக்க ஒத்துழைத்த உங்கள் அனைவருக்கும் நன்றி.

இந்தப் பருவத்தில் மாணவர் பேரவைத் தேர்தலும் நடந்தது. அதைக் குறித்தும், அதற்குப் பின் நடந்தவை குறித்தும் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை எல்லா மாணவர்களும் வாக்களித்துத் தங்கள் தலைமை மாணவர்களையும் வகுப்புப் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்பாளர்கள் வகுப்பறையில் கிடைக்கும் அட்டையிலும் வண்ணத்திலும் தாங்களே சுவரொட்டி செய்வதும், காலைக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசுவதும்தான் பிரசாரமாக இருந்துவந்தது. இந்த ஆண்டு பள்ளி வாயிலுக்கு எதிரே வேட்பாளர்களின் படம் அச்சிட்ட பிளெக்ஸ் பேனர்கள் கட்டப்பட்டன. பெயர் ஒட்டிய சாக்லேட் பொட்டலங்கள் பெட்டி பெட்டியாக வகுப்புகளுக்கு வந்தன. பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் வாக்குக் கேட்கப்பட்டது. முடிவு அறிவிக்கப்பட்ட மாலையிலேயே, யாருக்கு எத்தனை வாக்கு என்று கேட்டும் மறு எண்ணிக்கை கோரியும் வகுப்பாசிரியர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. பிள்ளைகள்மீது நீங்கள் கொண்ட அன்பும் அவர்களுடைய எதிர்காலத்தைப் பற்றிய அக்கறையுமே இவற்றுக்கெல்லாம் காரணம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

ஆனால் அந்த அக்கறை பிள்ளைகளிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை நாங்கள் அருகிலிருந்து பார்க்கிறோம். பெரியவர்கள் எழுதிக்கொடுத்த உரைகள் சில, பேசுபவருக்கே பழக்கமில்லாத சொற்களால் நிறைந்திருந்ததால், நன்றாகப் பேசக்கூடிய பிள்ளைகளும் மேடையில் தடுமாறினார்கள். அதே மேடையில் ஒரு மாணவி, கையில் தாள் ஏதுமின்றி, மதிய உணவு வரிசையில் பெரிய வகுப்பினர் இடையில் புகுந்துவிடுவதால் ஆறாம் வகுப்புக் குழந்தைகள் மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்று தாம் நாள்தோறும் காண்பதைச் சொன்னார். ஆறாம் வகுப்பினர் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டலை அங்கிருந்த ஆசிரியர்கள் எவரும் எளிதில் மறக்கமாட்டார்கள்.

புதிய பேரவை முதலில் கையிலெடுத்ததும் அந்த வரிசையைத்தான். பிரதிநிதிகள் நோட்டுப் புத்தகத்துடன் உணவுக்கூடத்தில் நின்று, எந்த வகுப்பு எப்போது வருகிறது, எப்போது சாப்பிட்டு முடிக்கிறது என்று குறித்தார்கள். வரிசையில் புகுவது பாதிக் காரணமே என்பதும், கழுவப் போன தட்டுகள் திரும்பி வரத் தாமதமாவதே மீதிக் காரணம் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. எங்களில் யாரும் கவனித்திராத செய்தி அது. பெரிய வகுப்பினரை அழைத்துப் பேசவும், கேன்டீன் பொறுப்பாளரைச் சந்திக்கவும் அவர்கள் திட்டமிட்டிருந்தார்கள். அதற்குள், விஷயத்தை வீட்டில் கேள்விப்பட்ட சில பெற்றோர்கள் நல்லெண்ணத்துடன் கேன்டீன் பொறுப்பாளரிடம் நேரடியாகப் பேசி, இரண்டாவது கவுன்ட்டர் ஒன்றைத் திறக்கச் செய்துவிட்டார்கள். பேரவையின் அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. தட்டுகளின் தாமதம் அப்படியே இருப்பதால் வரிசையும் பெரிதாகக் குறையவில்லை.

வரிசை இன்னும் நீளமாக இருப்பதைவிட என்னை வருத்துவது வேறு. தம்மைவிட மூத்த மாணவர்களிடம் போய், அவர்கள் விரும்பாத ஒன்றைச் சொல்லி, எதிர்ப்பைக் கேட்டு, பாதி ஒப்புதலோடு திரும்பி வந்து, மறுபடியும் போய்ப் பேசும் வாய்ப்பை அந்தப் பிள்ளைகள் இழந்துவிட்டார்கள். அதை எந்த வகுப்பறையிலும் நாங்கள் பாடமாக நடத்திவிட முடியாது.

இதே போக்கு டிப்ளமோ மாணவர்களின் சி.ஏ.எஸ். பணிகளிலும் தெரிகிறது. படைப்பாற்றல், உடற்செயல்பாடு, சேவை ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய இப்பகுதி குறைந்தது 18 மாதங்கள் தொடர வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் இதை நிறைவு செய்யாதவருக்கு டிப்ளமோவும் கிடையாது. தாமே ஒன்றைத் தொடங்கித் திட்டமிட்டதையும், இடையூறு வந்தபோதும் விடாது தொடர்ந்ததையும் மாணவர் காட்ட வேண்டும் என்று ஐ.பி. எதிர்பார்க்கிறது. அனுபவக் குறிப்புகள் கட்டுரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை; ஒலிப்பதிவாகவோ படமாகவோ இருக்கலாம். இருந்தும், வெளியே கட்டணம் கொடுத்து எழுதி வாங்கியவை என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும் குறிப்புகள் வருகின்றன. ஒருங்கிணைப்பாளருடனான மூன்று நேர்காணல்களில், தம் பெயரில் உள்ள வரிகளுக்கே விளக்கம் சொல்ல முடியாமல் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் நிலை ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு வரக்கூடாது.

உங்கள் கவலையின் வேர் எனக்குத் தெரியும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான காமன் ஆப் விண்ணப்பத்தில் 10 செயல்பாடுகளுக்கு இடமுண்டு. ஒவ்வொன்றிலும் வகித்த பொறுப்பு என்ன என்று ஒரு கட்டம் கேட்கிறது. விவரிக்க 150 எழுத்துகளே கிடைக்கின்றன. அந்தக் கட்டம் வெறுமையாக இருந்துவிடுமோ என்று அஞ்சுவது இயல்பே. ஆயினும், பரிந்துரைக் கடிதம் எழுத அமரும் ஆசிரியருக்குப் பதவியின் பெயர் அதிகம் உதவுவதில்லை. அந்த மாணவர் உண்மையில் செய்த ஏதேனும் ஒன்று இருந்தால்தான் எழுதுவதற்குப் பொருள் கிடைக்கும். தட்டுகளின் தாமதத்தைக் கண்டுபிடித்த பிள்ளைகளைப் பற்றி என்னால் ஒரு பக்கம் எழுத முடியும்.

ஆகவே சிலவற்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். அடுத்த தேர்தல் முதல், பள்ளியில் மாணவர்கள் தம் கையால் செய்த சுவரொட்டிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. பரிசுப்பொருளோ தின்பண்டமோ வழங்கப்பட்டாலும், குடும்பத்தினர் பிற பெற்றோரிடம் வாக்குக் கேட்டாலும் அந்த வேட்புமனு ரத்து செய்யப்படும். வாக்கு எண்ணிக்கை விவரம் எவருக்கும் தரப்படமாட்டாது; முடிவு இறுதியானது. பிறர் எழுதிய சி.ஏ.எஸ். குறிப்புகள் ஏற்கப்படமாட்டா; அவை கல்வி நேர்மை விதிகளின்படி விசாரிக்கப்படும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

இவ்வளவு கண்டிப்பாக எழுதியதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்களை விலகி நிற்கச் சொல்வது என் நோக்கமல்ல. பிள்ளை தயாரித்த உரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அமர்ந்து முழுவதும் கேளுங்கள். பேரவையில் இன்று என்ன பேசினீர்கள் என்று விசாரியுங்கள். தோற்று வந்த நாளில் அருகில் இருங்கள். அந்த நாளில் பெற்றோரைப் போல ஆறுதல் சொல்ல எங்களால் முடியாது. இத்தேர்தலில் தோல்வியடைந்த மாணவர்களில் சிலர், வெற்றி பெற்றவரிடம் தாமாகவே சென்று குழுக்களில் சேர்ந்து பணியாற்றிவருகிறார்கள். அது அந்த வீடுகளில் நடந்த வளர்ப்பின் பயன் என்றே கருதுகிறேன். அப்பெற்றோர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

பொங்கல் விடுமுறைக்குப் பின் கூடும் முதல் கூட்டத்தில், தட்டுகள் பற்றிய தங்கள் முன்மொழிவைப் பேரவை மீண்டும் எடுத்துக்கொள்கிறது. பேரவை மாணவர்களைச் சந்திக்கக் கேன்டீன் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தச் சந்திப்பில் ஆசிரியர்கள் எவரும் உடன் இருக்கமாட்டார்கள். அதுவரை இது குறித்து நீங்களும் அவரிடம் பேச வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பொறுமைக்கும், பருவம் முழுவதும் நீங்கள் அளித்த ஆதரவுக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்