பிரம்பு வாள் களத்துக்கு முதலுதவிக்குப் போகிற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இந்த வருஷம் பென்சிக் போருக்கு முதலுதவித் தொண்டனாக வருகிறேன் என்று போனில் சொன்னாய். கூடவே வாங்கி வைத்த சாமான்களையும் வரிசையாக வாசித்தாய்: ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டுகிற டூர்னிகே, ரத்தம் உறையவைக்கும் துணி, கழுத்துப் பட்டை. நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சிரிப்பை அடக்கினேன். அந்தப் பையில் முதலில் போட வேண்டியது உப்பு.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். 1966-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' என்ற சங்கத்தார், இடைக்கால ஐரோப்பியர்களைப் போல உடுத்திக்கொண்டு கவசச் சண்டை போடுகிறவர்கள். அவர்களுடைய பெரிய கூடுகைதான் பென்சிக். 1972-ல் ஆரம்பித்தது. இப்போது கோடையில் பென்சில்வேனியாவின் ஸ்லிப்பரி ராக் பக்கத்தில் இரண்டு வாரம் நடக்கிறது. பத்தாயிரம் பேர் அளவுக்குக் கூடுவார்கள். தோற்றவர்கள் தலையில் பக்கத்துப் பெருநகரமான பிட்ஸ்பர்க்கைக் கட்டிவிடுவது என்பதுதான் பந்தயமாம். அந்த ஊரில்தான் நான் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிறேன். வாள் இரும்பு அல்ல, பிரம்பு. நம்ம ஊர் வாத்தியார் கையில் இருந்த சங்கதிதான், ஒன்றேகால் அங்குலத் தடிமனில். அடி பலமாக விழுந்ததா, தான் 'செத்தாச்சா' என்பதை அடி வாங்கியவரே சொல்லிக்கொள்ள வேண்டும்.

உனக்கு முதலில் வரப்போகிற சங்கடம் காலில்தான். ஓடத் தோன்றும். நானும் முதல் வருஷம் ஓடினேன். ஒருவர் விழுந்து எழாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டுக் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். பக்கவாட்டில் வந்த கேடயம் தோளில் இடித்து நானும் விழுந்தேன். சண்டையை மேற்பார்க்கிற நடுவரான மார்ஷல், 'ஹோல்ட்!' (நிறுத்து!) என்று கத்தினார். காதில் விழுந்த ஒவ்வொருவரும் அதையே திருப்பிக் கத்திக்கொண்டு ஒரு முழங்காலை மண்ணில் ஊன்ற, களம் அப்படியே அடங்கியது. கீழே கிடந்தவர், "நான் செத்துப்போயிட்டேன், அவ்வளவுதான்" என்றார். அவருக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் ஒரு வாரம் தோளில் நீலம். ஹோல்ட் சொன்ன பிறகு, மார்ஷல் கூப்பிட்டால் மட்டும் உள்ளே போ.

மணிக்கட்டுக்குக் கீழேயும் முழங்காலுக்குக் கீழேயும் அடிக்கக் கூடாது என்று விதி. ஆனாலும் கட்டைவிரல் எப்படியோ அடி வாங்கிக்கொண்டு வரும். விரல் வீங்கும் முன்னே மோதிரத்தைக் கழற்று, அப்புறம் ஐஸ். கழுத்து வலிக்கிறது என்றால் தலைக்கவசத்தில் கை வைக்காதே. மூச்சுத் தடைப்பட்டால் ஒழிய அது தலையிலேயே இருக்கட்டும், நீ தலையை அசையாமல் பிடித்துக்கொள். தலையில் அடிபட்டு ஒரு மாதிரி இருக்கிறவருக்கு அன்று சண்டை முடிந்தது. கெஞ்சுவார்கள், விடாதே.

சரி, வெயிலுக்கு வருகிறேன். பஞ்சு வைத்துத் தைத்த அங்கி, அதற்கு மேல் இரும்பு, ஆகஸ்ட் மாத மதியம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெரிய மனிதர் கூடார நிழலில் உட்கார்ந்திருந்தார். கேட்டேன். "நன்றாக இருக்கிறேன்" என்றார். தாடியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது, நானும் நகரப் பார்த்தேன். அப்போதுதான் அவருடைய கை கண்ணில் பட்டது. மார்புக் கவசத்தின் கொக்கி இடது பக்கம் இருக்க, விரல்கள் வலது பக்கத்தில் தடவித் தேடிக்கொண்டிருந்தன. வருஷக்கணக்காகத் தானே மாட்டிக் கழற்றுகிற கொக்கி. எந்தப் பக்கத்துக்காகச் சண்டை போடுகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார், பதில் வரவில்லை.

ஹீட் ஸ்ட்ரோக் என்றால் தோல் காய்ந்திருக்கும் என்று படித்திருப்பாய். உழைப்பால் வருகிறதில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். உடம்பின் உள்ளே சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும், நெற்றியில் வைக்கிற தெர்மாமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. புத்தி தடுமாறுகிறதா என்று பார். அன்றைக்கு ஒருவரை 911-க்கு போன் பண்ணச் சொல்லிவிட்டு, நான் தோல்பட்டைகளைக் கத்தரித்தேன். கூலரில் இருந்த ஐஸ் தண்ணீரில் துண்டுகளை நனைத்துத் தலை, கழுத்து, அக்குள், தொடை என்று போட்டு மாற்றிக்கொண்டே இருந்தோம். தொட்டி கிடைத்தால் அதிலேயே இறக்கிவிடலாம். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே. குளிர்விப்பது முதலில், வண்டியில் ஏற்றுவது அப்புறம்.

அவர் பிழைத்துக்கொண்டார். கத்தரித்த பட்டைகளைக் காட்டி, "இது என் பாட்டனார் குதிரைச் சேணத்துத் தோல்" என்றார் பிற்பாடு. மன்னிப்புக் கேட்கவா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை.

அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கிறவர்கள் உன்னையும் என்னையும்விடத் தண்ணீர் தூக்குகிறவர்கள்தான். வரிசை வரிசையாக நடந்து தண்ணீரோடு ஆரஞ்சுச் சுளையும் உப்பில் ஊறிய வெள்ளரிக்காயும் நீட்டுவார்கள். வெறும் தண்ணீரையே மடக்மடக்கென்று குடித்து ரத்தத்தில் உப்பு குறைந்து போகிறவர்களும் உண்டே. வேலை இல்லாத நேரத்தில் அவர்களோடு சேர்ந்து தூக்கு. யார் முகம் எப்படி இருக்கிறது என்று கிட்டத்தில் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

தலையில் மாட்டுகிற டார்ச் கொண்டுவா. ராத்திரியில் கூடாரக் கயிறு தடுக்கி விழுகிறவர்களுக்குக் குறைவிருக்காது. அப்புறம், ஊரிலிருந்து மாவடு வந்திருந்தால் ஒரு பாட்டில். போன தடவை நான் கொண்டுபோனதை வைக்கிங் கடலோடி வேஷம் போட்ட ஒருவர், ஜாடியோடு தூக்கி அந்த உப்புத் தண்ணீரையும் குடித்துவிட்டார்.

அன்புடன்,
அக்கா