வில்லோ வேலியை வெட்டத் தயங்காதே

யீஷூன், ஜனவரி 11

அன்புள்ள சுப்பு,

உன் கடிதமும் படங்களும் வந்தன. போன பிப்ரவரியில் விரல் விறைக்க நாம் ஊன்றிய குச்சிகளா இவை? வேர்கூட இல்லாத வெறுங்குச்சிகள், ஒரே கோடையில் உன் தலைக்கு மேல் போய்விட்டன! கூடை முடைகிற வில்லோ மரம் அப்படித்தான். ஆண்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் நீளும்.

இங்கே மழை விட்டபாடில்லை. எல்லோரும் சுகம். பேத்தி தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்துவிட்டாள்.

இவ்வளவு ஆசையாய் வளர்ந்ததை வெட்ட மனசு வரவில்லை, இந்த வருடம் அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். விடாதே, சுப்பு. இலை உதிர்ந்து நிற்கிறதே, இப்போதே வெட்டு. விட்டால் சத்தெல்லாம் உச்சிக்குப் போய்விடும். அடியில் தளிர் வராது. இரண்டே வருடத்தில் கீழே கால் காலாய் நிற்கும், பூனை என்ன, நாயே நுழைந்து போகும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் புளோக் கீழே சமூகத் தோட்டத்தைச் சுற்றி இட்லிப்பூ வேலி வைத்தோம். அது கிளை நுனியில்தான் பூக்கும். பூ போய்விடுமே என்று இரண்டு வருடம் நான் யாரையும் கத்தரி வைக்க விடவில்லை. மேலே குடை மாதிரி விரிந்தது, அடியில் ஓர் இலை இல்லை. கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டுத் திரும்ப வளர்த்தோம். இப்போது அடி அகலமாக, உச்சி ஒடுக்கமாக இருக்கும்படி வெட்டுகிறோம். வெயில் கீழ் இலை வரைக்கும் இறங்க வேண்டும், அதுதான் கணக்கு.

உன் வேலிக்கும் அதே கணக்குதான். நாம் பின்னிய குறுக்குச் சட்டத்தை விட்டுவிடு. அதற்கு வெளியே நீட்டியிருப்பதை இரண்டு மூன்று மொட்டு மட்டும் வைத்து, மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டு. வளைகிற கிளை ஒன்றிரண்டைச் சந்து தெரிகிற இடத்தில் பின்னிக்கொள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மொட்டையடித்துவிடாதே. போன வருடக் கிளையில்தான் அந்தப் பஞ்சுப்பூ வரும், குளிர் விலகும்போது தேனீக்களுக்கு முதலில் கிடைக்கிற மகரந்தத்தில் அதுவும் ஒன்று. ஒரு பகுதியைப் பூ முடிகிறவரை விட்டுவைத்து, அப்புறம் வெட்டு.

அன்றைக்கு உன் தோட்டத்தில் குச்சி ஊன்றும்போது எனக்கு அப்பாவின் ஊர் ஞாபகம் வந்தது. உன்னிடம் சொன்னேனா? பத்து வயதில் புதுக்கோட்டைப் பக்கம் போயிருந்தபோது, தாத்தா கொல்லையைச் சுற்றிக் கிளுவை வேலி. கோடையில் இலையெல்லாம் கொட்டி, செத்தது போல நிற்கும். அந்தச் சமயம் பார்த்துக் கிளையை வெட்டி, விட்டுப்போன இடத்தில் போத்து நடுவார். மழை விழுந்ததும் துளிர்க்கும். அங்கே வறட்சியில் தூங்குகிறது, உன் ஊரில் குளிரில் தூங்குகிறது. இலை இல்லாதபோது மரத்தின் சேமிப்பெல்லாம் தண்டிலும் வேரிலும் பத்திரமாக இருக்கும், அதனால் வெட்டினாலும் தாங்கும். சிங்கப்பூரில் எந்த வேலியும் தூங்குவதே இல்லை. மாதாமாதம் கத்தரியோடு நிற்கிறோம்.

வெட்டிய குச்சிகளை எறியாதே. ஓர் அடி ஆழம் ஊன்றி வேலியை நீட்டலாம். ஆனால் உன் மருமகன் சொல்கிறாரே என்று வீட்டுப் பக்கம் மட்டும் ஊன்றிவிடாதே. வில்லோ வேர் ஈரம் தேடிப் போகும். கழிவுநீர்க் குழாயில் விரிசல் கிடைத்தால் உள்ளே புகுந்து அடைத்துவிடும். சுவரிலிருந்தும் குழாயிலிருந்தும் 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அடியில் புல்லையும் விடாதே, இளம் வேலிக்கு வேண்டிய தண்ணீரை அதுதான் குடிக்கும்.

எனக்கு நாலு குச்சி அனுப்பட்டுமா என்று கேட்டாயே, மனசு நிறைந்துவிட்டது. ஆனால் வேண்டாம். செடியை இங்கே கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும், நோயில்லை என்ற சான்றிதழ் வேண்டும். அப்படியே வந்தாலும் இந்த வெக்கையில் அதற்கு ஓய்வு ஏது?

பஞ்சுப்பூ வந்ததும் படம் எடுத்து அனுப்பு. தாத்தா நட்ட வேலி எங்கே என்று பேத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
ராஜு