வேதியியல் செய்முறைக்கும் ஒரு துணைத்தேர்வு வையுங்கள்

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கும், வேதியியல் பாடத்திட்டக் குழுவின் தலைவர், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் கல்லூரிகளுக்கு வந்த உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். இறுதியாண்டு முடித்து, ஒரே ஒரு தாளில் அரியர் வைத்திருப்பவர்களுக்கு ஜூலையில் உடனடித் தேர்வு நடத்துகிறீர்கள். பல பிள்ளைகளுக்கு ஒரு வருடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு இது. அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் அதே சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில், செய்முறைத் தேர்வுகளுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் ஓர் இணைப்புக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன். தாவரவியல், விலங்கியல், இயற்பியல் படிக்க வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடமாகப் பொது வேதியியல் எடுக்கிறேன். விதிகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல, நீங்கள் வகுத்தவைதான். எழுத்துத் தேர்வு பருவத்துக்கு ஒரு முறை. செய்முறைத் தேர்வு ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, ஏப்ரலில். இந்த ஒரு ஏற்பாடு ஒரு மாணவியை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

தாவரவியல் மாணவி. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவள், அந்த வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். முதலாண்டில் டெங்கு வந்து மருத்துவமனையில் படுத்துவிட்டாள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. 65-க்கு மேல் இருந்ததால் மருத்துவச் சான்றும் கட்டணமும் கொடுத்தால் போதும் என்பது உங்கள் விதி. கொடுத்தாள். ஹால் டிக்கெட்டும் வந்தது. ஆனால் அவள் படுக்கையில் இருந்த நாட்களில் நடந்த சோதனைகளுக்கு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து இல்லை. துறைத்தலைவரின் சான்றொப்பம் இல்லாத ரெக்கார்டோடு வருபவரைச் செய்முறைத் தேர்வுக்கு அனுமதிக்கக் கூடாது என்பது உங்களுடைய இன்னொரு விதி. வெளிக்கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் படித்துக்காட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், விதி அப்படித்தான் இருக்கிறது. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆய்வகத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் அவள் நின்றாள். உள்ளே விடவில்லை. மதிப்பெண் பட்டியலில் 'ஏஏஏ' என்று வந்தது. வரவில்லை என்று அர்த்தம்.

வராமல் இருந்ததற்கு ஒரு விதி மன்னிப்பு கொடுக்கிறது, அதற்குப் பணமும் வாங்கிக்கொள்கிறது. அதே நாட்களுக்காக இன்னொரு விதி கதவைச் சாத்துகிறது. இந்த இரண்டையும் ஒரே பல்கலைக்கழகம்தான் எழுதியதா என்று அவளுடைய அப்பா என்னிடம் கேட்டார். ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.

விடுபட்ட சோதனைகளை அந்தக் கோடையிலேயே செய்து, ரெக்கார்டை முடித்து, கையெழுத்தும் வாங்கிவிட்டாள். மே மாதமே அவள் தயார். அடுத்த தேர்வு அடுத்த ஏப்ரலில்.

அந்த ஏப்ரலில் அரியர் மாணவர்களை எல்லாம் சேர்த்து வேறொரு கல்லூரியை மையமாக்கினீர்கள். அட்டவணை வந்தபோது பார்த்தால், அவளுடைய முதன்மைப் பாடமான தாவரவியல் செய்முறையும் அதே நாள், அதே முற்பகல், எங்கள் கல்லூரியில். கல்லூரியிலிருந்து கடிதம் போனது. பதில் வரவில்லை. தாவரவியலை எழுதப் போனாள். பட்டியலில் மறுபடியும் 'ஏஏஏ'.

மூன்றாம் ஏப்ரலில் ஒருவழியாகத் தேர்வு மேசைக்கு முன்னால் நின்றுவிட்டாள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொண்டு ஆக்ஸாலிக் அமிலத்தை அளவிடும் சோதனை. பாடத்திட்டக் குழுவில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் கொஞ்சம் பொறுத்து இதை முழுதாகப் படியுங்கள்.

அமிலத்தில் 20 மில்லியைப் பிப்பெட் என்ற அளவுக் குழாயால் உறிஞ்சி எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் பியூரெட்டிலிருந்து, அதாவது அளவுக்கோடும் அடியில் திருகும் உள்ள நீளக் குழாயிலிருந்து, பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் மறையாமல் நின்றால் அதுதான் முடிவுநிலை. அவளுக்குக் கொடுத்த பியூரெட்டின் திருகு சரியாக அமரவில்லை. திருகின் பக்கவாட்டில் கசிந்து, வெளிப்புறமாக வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. நுனியிலிருந்து குடுவைக்குள் விழும் சொட்டு வினைபுரிகிறது. வெளியே வழியும் சொட்டு வினைபுரிவதில்லை, ஆனால் பியூரெட்டின் அளவில் அதுவும் சேர்ந்துவிடுகிறது. வேறு பியூரெட் கேட்டிருக்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று முறை செய்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் இரண்டு அளவீடு கிடைக்கவில்லை. மறுநாள் என்னைப் பார்க்க வந்தபோது அவள் வலது கையின் விரல்கள் எல்லாம் பெர்மாங்கனேட் கறை, சோப்பு போட்டாலும் போகாத அந்தப் பழுப்புக் கறை.

இப்போது உங்கள் மதிப்பெண் முறைக்கு வருகிறேன். வெளித்தேர்வாளர் நடத்தும் புறத்தேர்வின் 60 மதிப்பெண்ணில் 40, விடை எவ்வளவு துல்லியம் என்பதற்கு மட்டும். பிழை 2 சதவீதத்துக்குள் இருந்தால் முழு மதிப்பெண். அங்கிருந்து படிப்படியாகக் குறைந்து, 5 சதவீதத்தைத் தாண்டினால் வெறும் 5. இருபது மில்லி அளவீட்டில் 2 சதவீதம் என்பது 0.4 மில்லி. பியூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லி. அதாவது எட்டுச் சொட்டு. ஐந்து சதவீதம் என்பது இருபது சொட்டு. ஐந்து விநாடிக்கு ஒரு சொட்டு கசிகிற பியூரெட்டில் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு பிள்ளையின் தேர்ச்சி வழிந்து மேசையில் ஓடிவிடும். அவள் எழுதிய செய்முறை சரி. கரைசலின் செறிவைக் காட்டும் நார்மாலிட்டி கணக்கு சரி. ரெக்கார்டு முழுமை. ஆனால் எல்லாம் சேர்ந்து 21. புறத்தேர்வில் தனியாக 24 வாங்கியாக வேண்டும். கல்லூரிக்குள்ளேயே போடும் அகமதிப்பீட்டில் அவள் நல்ல மதிப்பெண் வைத்திருந்தும் அது கணக்கில் வரவில்லை. இந்த முறை பட்டியலில் 'யு'. தேறவில்லை என்று அர்த்தம்.

மூன்று ஏப்ரலில் ஒன்றில்கூட, அவளுக்கு வேதியியல் தெரியாததால் தேர்ச்சி போகவில்லை. வேதியியல் எழுத்துத் தாள்கள் இரண்டையும் முதல் தடவையிலேயே எழுதித் தேறியவள் அவள். முதன்மைப் பாடத்தில் ஒரு தாள்கூட பாக்கி இல்லை. பட்டத்துக்கும் அவளுக்கும் நடுவில் நிற்பது இந்த ஒரு செய்முறை மட்டும்தான். எம்.எஸ்சி. சேர்க்கை இந்தக் கோடையில். அடுத்த செய்முறைத் தேர்வு அடுத்த ஏப்ரலில். நடுவில் இருக்கும் அந்த வருடம் முழுக்க ஒரு பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் அடுத்து என்ன பேச்சு வரும் என்பது உங்களுக்கும் தெரியும். அந்தப் பேச்சு அவள் வீட்டில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

அதனால்தான் கேட்கிறேன்: முடிவு வெளியான 60 நாட்களுக்குள் வேதியியல் செய்முறைக்கு ஒரு துணைத்தேர்வு வையுங்கள்.

செய்முறை என்றால் ஆய்வகம் வேண்டும், ரசாயனம் வேண்டும், வெளித்தேர்வாளர் வேண்டும், செலவாகும் என்று சொல்வீர்கள். கணக்குப் பார்ப்போம். பத்தில் ஒரு நார்மல் பெர்மாங்கனேட் கரைசல் ஒரு லிட்டர் தயாரிக்க 3.16 கிராம் போதும். ஒரு லிட்டர் ஐந்தாறு பேருக்குத் தாராளமாக வரும். மாவட்டத்துக்கு ஒரு மையம், ஒரு முற்பகல், மூன்று மணி நேரம், ஒரு தேர்வாளர். ஜூன் மாதத்தில் எங்கள் ஆய்வகங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. எங்கள் கல்லூரியில் நடத்தச் சொன்னால் நானே வந்து கரைசல் தயாரித்துக் கொடுக்கிறேன், மதிப்பூதியம் வேண்டாம். என்னைப் போல முன்வருகிறவர்கள் மற்ற கல்லூரிகளிலும் இருக்கிறார்கள்.

பள்ளிக் கல்வித்துறையைப் பாருங்கள். பிளஸ் டூவில் தவறியவர்களுக்கு முடிவு வந்த கொஞ்ச நாளிலேயே துணைத்தேர்வு நடத்தி, அதே ஆண்டு கல்லூரியில் சேர வழிசெய்கிறார்கள். மாநிலம் முழுக்க நடத்துகிறார்கள். அங்கே கைகொடுத்துத் தூக்கிவிட்ட பிள்ளைகளைத்தான் நாம் இங்கே ஆண்டுக் கணக்கில் காக்க வைக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுதிய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. எழுத்துத் தாளுக்கு நீங்கள் நகல் தருகிறீர்கள், மறுமதிப்பீடும் உண்டு. செய்முறைக்கு இரண்டும் இல்லை. அந்த 21 எங்கே எப்படிப் போட்டது என்று கேட்க அவளுக்கு ஒரு விண்ணப்பப் படிவம்கூடக் கிடையாது. தேர்வுக் கட்டணத்தை ஒரு நாள் தாமதமாகக் கட்டினால் அபராதம் வாங்குகிறீர்கள். எங்கள் கடிதத்துக்கு நீங்கள் தாமதித்ததில் அவளுக்கு ஒரு வருடம் போனது, அதற்கு யார் அபராதம் கட்டுவது? ஆய்வக உதவியாளர் பணியிடம் காலியானால் நிரப்புவதில்லை. உடைந்த பியூரெட்டுக்குப் பதில் வாங்க மூன்று விலைப்புள்ளி கேட்டு எழுதி, ஒப்புதல் வருவதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது. காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்துபோய், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைசல் போடும் ஆய்வகங்கள் இருக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள் மாதச் சம்பளம் எப்போது வரும் என்று தெரியாமல் அதே ஆய்வகத்தில் நின்று பாடம் நடத்துகிறார்கள். இத்தனை ஓட்டையையும் அப்படியே விட்டுவிட்டு, முதலாண்டு மாணவியிடம் மட்டும் எட்டுச் சொட்டுத் துல்லியம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

சரி, கோபத்தில் பேச்சு எங்கெங்கோ போகிறது. மன்னியுங்கள். இவை எல்லாம் உங்கள் ஒருவர் கையில் இல்லை என்பது எனக்கும் தெரியும். சுற்றறிக்கை உங்கள் கையில் இருக்கிறது. நான் கேட்பது அதை மட்டும்தான்.

துல்லியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேதியியல் படித்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு சொட்டில் நிறம் மாறுகிற இடத்தைப் பிடிக்கப் பழகுவதுதான் இந்தப் பாடத்தின் உயிர். ஆனால் துல்லியத்தைக் கேட்கிறவர்கள் சரியான கருவியைக் கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். பாடத்திட்டக் குழு அடுத்து கூடும்போது அந்த 40-ஐப் பிரித்துப் பாருங்கள். பிப்பெட்டைக் கையாளும் விதம், அளவீடுகளை ஒளிக்காமல் உள்ளபடி எழுதியது, கணக்கிட்ட முறை என்று பாதியை வேலைக்குக் கொடுத்து, மீதியை விடைக்குக் கொடுக்கலாம். இப்போதைய முறையில் நேர்மையாகக் கசிவு பியூரெட்டின் அளவை எழுதியவள் தோற்கிறாள், பக்கத்து மேசையைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதுகிறவர் முழு மதிப்பெண் வாங்குகிறார். இதை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவோம். வெளியே பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அது அடுத்த ஆண்டுக்கான வேலை. இந்த ஆண்டுக்கு உங்களிடம் வேண்டுவது இதுதான்: முடிவு வந்த 60 நாட்களுக்குள் செய்முறைத் துணைத்தேர்வு. முதல் படியாக, ஜூலை உடனடித் தேர்வில் செய்முறையையும் சேர்த்து ஒரு திருத்தச் சுற்றறிக்கை. அரியர் மாணவர்களின் தேதி முதன்மைப் பாடத் தேதியோடு மோதினால் மாற்றுத் தேதி. வருகைக் குறைவை மன்னித்தவர்களுக்கு, விடுபட்ட சோதனைகளைச் செய்து ரெக்கார்டை முடிக்கத் தேர்வுக்கு முன் ஒரு வார அவகாசம். உங்கள் விதிப்புத்தகத்தில் எதையும் கிழிக்க வேண்டியதில்லை, சில வரிகளைச் சேர்த்தால் போதும்.

உடனடித் தேர்வுக்கு விண்ணப்பிக்க இம்மாதம் 28 கடைசி நாள் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்குள் திருத்தம் வந்தால் அந்த மாணவியும், அவளைப் போலச் செய்முறை ஒன்றில் மட்டும் நிற்கும் மற்றவர்களும் விண்ணப்பித்துவிடுவார்கள். தயவுசெய்து 28-க்கு முன் ஒரு முடிவு எடுத்துக் கல்லூரி முதல்வர்களுக்குத் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணைப்புக் கல்லூரி வேதியியல் ஆசிரியர் ஒருவர்