மிதியை இடம் மாற்றினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரக் காலணித் தொழிற்சாலைகளில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேற்பார்வையாளர் நாற்காலியில்தான் அவர்களைக் காண்பது அரிதாக இருக்கிறது.

நான் வேலை பார்த்த இடத்தில், இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் சூம்பிய ஒரு சகோதரிக்காகத் தையல் இயந்திரத்தின் மிதியை இடப்பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். அரை நாள் வேலைதான். அதன் பிறகு அந்த வரிசையிலேயே பிழையில்லாமல் தைத்தவர் அவர். ஆனால் கழிப்பறைக்கு மூன்று படி ஏற வேண்டியிருந்ததால், பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே இருப்பார். இதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இருபது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைத் தங்கள் சமவாய்ப்புக் கொள்கையில் குறிப்பிட்டு வெளியிட வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதன் விதிகளும் சொல்வது. 50 பேர் இருந்தால் குழந்தைகள் காப்பகமும் கட்டாயம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. உரிமையாளர் சங்கங்கள் சமவாய்ப்புக் கொள்கையைத் தொழிற்சாலை வாயிலிலேயே தமிழில் எழுதி வைக்கவும், சாய்தளம் அமைக்கவும், அனுபவமுள்ள பெண்களுக்கு மேற்பார்வைப் பயிற்சி அளிக்கவும் முன்வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காலணித் தொழிலாளி,
ஆம்பூர்.